ஐந்து நிறுவனங்களும் ஒரு மருத்துவச்சியும்

எங்கள் மலைப்பக்கத்தில் புதிதாக ஒருவரைச் சந்தித்தால் யாரும் முதலில் பெயரைக் கேட்பதில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்பார்கள். சற்று வயதானவர்கள் அடுத்து, யார் கையில் பிறந்தாய் என்று கேட்பார்கள். லெனோரா அம்பர்ஜிக்கு இரண்டுக்கும் பதில் உண்டு. லாரல் ஓடைக்கரையில் குடியிருந்த கார்லிஸ் அம்பர்ஜியின் இரண்டாவது மகள். கார்லிஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை இடிந்து விழாமல் இரும்பு முளை அடித்தவர். லெனோரா 1971 மார்ச் 9 அன்று அந்த வீட்டின் பின்னறையில் ஜூவல் கேய்ஹார்ட்டின் கையில் பிறந்தாள். ஜூவல் அப்போது படிப்பு முடித்து வந்த புது மருத்துவச்சி. தனியாகப் பார்த்த முதல் பிரசவமே லெனோராதான் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல, மூன்றாவது.

இங்கே எழுதுவது லெனோராவைப் பற்றி. அவளே சொன்னதும், எங்கள் கிளினிக்கில் காகித வேலை பார்க்கும் ட்ரேசி சொன்னதும், நானே கூட்டங்களில் கேட்டதுமாகச் சேர்த்து எழுதுகிறேன். நான் அந்தக் கிளினிக்கின் நிர்வாகக் குழுவுக்கு நடவடிக்கைக் குறிப்பு எழுதியவன். அதற்கு முன்பு மாவட்ட அலுவலகத்தில் பத்திரங்களைப் பதிவு செய்தேன். தேதிகளில் பிழை இருக்காது. பேச்சில் ஒரு சொல் முன்பின் ஆகியிருக்கலாம்.

பதினெட்டு வயதில் லெனோரா லெக்சிங்டனுக்குப் போனாள். கென்டக்கி மலைகளிலிருந்து படிக்கவும் பிழைக்கவும் போகிற பிள்ளைகளில் பாதிப்பேர் போகிற ஊர் அது. செவிலிப் படிப்பு, ஒரு லாரி ஓட்டுநருடன் கல்யாணம், ஒரு மகன், பிறகு மணமுறிவு. இவற்றைப் பற்றி அவள் அதிகம் பேச மாட்டாள். முப்பத்திரண்டு வயதில் மறுபடி படிக்க உட்கார்ந்து மருத்துவச்சி ஆனாள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது ஆண்டு பிரசவம் பார்த்தாள். ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு மலைக்கு வருவாள். பக்கத்து மாவட்டத்தில் ஜூவல் நடத்திய சிறு பிரசவ நிலையத்தில் சனிக்கிழமை முழுவதும் கூடமாட நிற்பாள். அதற்கு அவள் கூலி வாங்கியதில்லை. ஜூவல் வீட்டில் வேகவைத்த பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவாள்.

2014 இலையுதிர் காலத்தில் எங்கள் ஊர் டாக்டர் வென்டல் காடில், எழுபது வயதாகிறது, இனி இரவில் எழுந்து பிரசவத்துக்கு ஓட முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் ஒருவரை நம்பித்தான் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பகுதி திறந்திருந்தது. அது மூடினால் நிறைமாதப் பெண்கள் மலை தாண்டி ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். கிளினிக் ஒரு மருத்துவச்சிக்கு விளம்பரம் கொடுத்தது. வந்த விண்ணப்பம் ஒன்றே ஒன்று, லெனோராவுடையது. லெக்சிங்டன் வீட்டை விற்று, ஓடை சாலையைத் தொடும் இடத்தில் ஒரு சின்ன வீட்டை வாங்கிக்கொண்டு 2015 பிப்ரவரி 2, திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள்.

அன்று காலை ட்ரேசி அவளை உட்காரவைத்து ஐந்து விண்ணப்பக் கட்டுகளை முன்னால் வைத்தாள்.

எங்கள் மாவட்டத்தில் பிள்ளை பெறுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அரசுக் காப்பீட்டில் இருப்பவர்கள். அதை நாங்கள் மருத்துவ அட்டை என்போம். அரசு நேரடியாகப் பணம் கொடுப்பதில்லை. ஐந்து தனியார் நிறுவனங்களிடம் பொறுப்பை விட்டிருந்தது. நிறுவனங்களின் பெயர் யார் வாயிலும் வராது. அட்டையின் நிறத்தைத்தான் சொல்வோம். நீல அட்டை, பச்சை அட்டை, ஆரஞ்சு அட்டை, வெள்ளை, ஊதா. மருத்துவரோ மருத்துவச்சியோ மாநில உரிமம் வைத்திருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே படிப்பை, பழைய வேலையை, நன்னடத்தையை விசாரித்து, தன் குழுவில் வைத்து ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை அந்த நிற அட்டைக்காரரை அவர் பார்த்தால் கிளினிக்குக்கு ஒன்றும் வராது.

"அஞ்சுலயும் ஒரே கேள்வியா?" என்று கேட்டாள் லெனோரா.

"ஒரே கேள்விதான் அக்கா. வேற வேற வரிசையில கேப்பாங்க. பச்சைக்காரன் படிப்ப முதல்ல கேப்பான், ஊதாக்காரன் கடைசியில கேப்பான். ஒண்ணப் பார்த்து ஒண்ண எழுதினா மாட்டிக்குவீங்க."

"எத்தன நாள் ஆகும்?"

"சொல்ல முடியாது. போன தடவ பல் டாக்டர் ஒருத்தர் வந்தார். நாலு ஒப்புதல் வந்துச்சு, அஞ்சாவது வர்றதுக்குள்ள அவரே ஒஹாயோவுக்குப் போயிட்டார்."

லெனோராவுக்குச் சம்பளம் செப்டம்பர் கடைசி வரை ஒரு நன்கொடையிலிருந்து வந்தது. அதன் பிறகு அவள் பார்க்கிற பிரசவங்களிலிருந்தே வர வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. இதைக் குழுத் தலைவர் ஹோபர்ட் மல்லின்ஸ் முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டார். ஹோபர்ட் ஊரில் இறந்தவர்களை அடக்கம் செய்துதரும் ஈமக்கூடம் நடத்துபவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

விண்ணப்பத்தில், விண்ணப்பிப்பவரின் வேலையை அண்மையில் நேரில் பார்த்த, அதே தொழில் செய்கிற இருவர் சான்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. லெக்சிங்டனில் லெனோராவோடு ஒன்பது ஆண்டு தோளோடு தோள் நின்ற மருத்துவச்சிகள் ஏழெட்டுப் பேர் உண்டு. அவர்களில் யாரையும் அவள் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. வேறு ஊர்க்காரருக்கு இது விளங்காது. சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்தவள், தனக்காகப் பேச அந்நியரைக் கூப்பிட்டால், ஊரில் இவளுக்காகப் பேச ஆள் இல்லை என்றாகிவிடும். அதோடு ஊராரையும் அவமதித்ததாகிவிடும். சேர்ந்த வாரமே அவள் ஜூவலின் சமையலறையில் போய் உட்கார்ந்தாள்.

"என்னடி, முகத்தக் கழுவிட்டு வந்து உக்காந்திருக்க. ஏதோ கேக்கப்போற," என்றார் ஜூவல்.

"எனக்காக ஒரு சான்று எழுதித் தரணும் சித்தி."

"அதுக்கா இவ்வளவு தூரம் வந்த? நீ கேக்கலன்னாதான் நான் கோவிச்சிருப்பேன். உன்ன வெளியில எடுத்தவளே நான். வேற யாரு உனக்குச் சொல்லுவா? எத்தன தாள்?"

"அஞ்சு."

"ஒரே விஷயத்த அஞ்சு தடவ எழுதணுமா? சரி, எழுதறேன். ஒவ்வொண்ணுலயும் உன்னப் பத்திக் கொஞ்சம் கூடக் கூடச் சொல்றேன். அஞ்சாவதுல நீ புனிதை ஆயிடுவ."

இரண்டாவது சான்று ஜூவலின் நிலையத்திலேயே வேலை பார்த்த கார்லா என்ற பெண்ணிடமிருந்து. ஆக இரண்டும் கைக்கு வந்தன. சான்றுத் தாளின் அடியில் ஒரு கட்டம் இருந்தது: விண்ணப்பிப்பவர் உங்களுக்கு உறவா? ஆம், இல்லை. ஜூவலும் கார்லாவும் ஐந்து தாளிலும் ஆம் என்று குறியிட்டார்கள்.

லெனோராவின் அம்மாவுடைய பாட்டனாரும் ஜூவலின் பாட்டியும் உடன்பிறந்தவர்கள். கார்லாவுக்கும் அவளுக்கும் இடையில் இன்னும் ஒரு தலைமுறை கூடுதல். லெக்சிங்டனில் இதை யாரும் உறவு என்று கணக்கில் வைக்க மாட்டார்கள். தெரிந்துகூட இருக்காது. எங்களிடம் இதை இல்லை என்று சொன்னால் செத்துப்போன பாட்டனாரை மறுப்பதாக ஆகும். ஒவ்வோர் ஆண்டும் மே மாதக் கடைசியில் எங்கள் மூன்று ஓடைக்கரைக் குடும்பங்களும் மலைமேல் இருக்கிற கல்லறைகளைச் சுத்தம் செய்து பூ வைத்து, அங்கேயே மேசை போட்டுச் சாப்பிடுவார்கள். ஜூவல் குடும்பமும் அம்பர்ஜி குடும்பமும் ஒரே கல்லுக்குத்தான் பூ வைப்பார்கள்.

மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று. லெனோரா தினமும் ஏழரைக்கு வந்து மேசையில் உட்கார்ந்தாள். தனியார் காப்பீடு வைத்திருந்த கர்ப்பிணிகளை மட்டும் பார்க்கலாம். அப்படி ஊரில் இருந்தது இரண்டு பேர்: நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருத்தி, வங்கி மேலாளரின் மனைவி. ஆசிரியை அந்த மே மாதத்தில் பெற்றாள். லெனோரா எங்கள் ஊரில் பார்த்த முதல் பிரசவம் அது.

"பேங்க்காரர் சம்சாரம் ஆகஸ்ட்ல," என்றாள் ட்ரேசி. "அதுக்கப்புறம் அந்த டீச்சரையே மறுபடி பெத்துக்கச் சொல்லிக் கேக்கணும் அக்கா."

வரவேற்பறையில் அட்டைக்காரப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு டாக்டர் வென்டலுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். லெனோராவின் அறைக்கதவு திறந்தே இருக்கும். அவர்களில் பலர் அவளோடு பள்ளியில் படித்தவர்களின் மகள்கள். உள்ளே வரலாமா என்று கேட்பார்கள். உன் அட்டை என்ன நிறம் என்று அவள் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்விதான் தன் வாழ்க்கையிலேயே கேட்கப் பிடிக்காத கேள்வி என்று அவள் ட்ரேசியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜூன் 11 அன்று நீல நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. சான்று சொன்ன இருவரும் உறவினர்கள், ஆகவே செல்லாது, புதிய சான்றுகளோடு மீண்டும் விண்ணப்பிக்கவும். நீல அட்டைதான் எங்கள் மாவட்டத்தில் அதிகம். அடுத்த மூன்று வாரத்தில் பச்சையும் ஊதாவும் அதையே சொன்னார்கள். ஆரஞ்சுக்காரர் உறவைப் பற்றி ஒன்றும் கேட்காமலே ஒப்புக்கொண்டார். வெள்ளை நிறுவனம் பதிலே போடவில்லை.

"நாலு தலைமுறைக்கு முந்தின உறவுக்கெல்லாம் யாராவது ஆம்னு போடுவாங்களா அக்கா?" என்று கேட்டாள் ட்ரேசி.

"உன்னக் கேட்டிருந்தா நீ என்ன போட்டிருப்ப?"

"ஆம்னுதான் போட்டிருப்பேன்," என்றாள் ட்ரேசி. "எங்க அம்மா கண்ணு முன்னால இல்லன்னு போட முடியுமா?"

வேறு வழி இல்லை. லெனோரா லெக்சிங்டனுக்குத் தொலைபேசியில் பேசினாள். இரண்டு பழைய தோழிகள் அன்று மாலையே எழுதி அனுப்பினார்கள். அது எளிதாக முடிந்தது. ஜூவலிடம் போய்ச் சொல்வதுதான் எளிதாக இல்லை. சொல்லாமலும் இருக்க முடியாது. மலையில் ஒரு செய்தி காரைவிட வேகமாகப் போகும்.

ஜூவல் முழுவதையும் கேட்டார். கையில் பாதி உரித்த பட்டாணிப் பாத்திரம் இருந்தது. அதை வைக்கவில்லை.

"அப்ப என் வார்த்த செல்லாது."

"உங்க வார்த்த இல்ல சித்தி. உறவா இருந்தா யார் வார்த்தயும் செல்லாதாம்."

"நாப்பத்துநாலு வருஷமா இந்த மலையில பாதிப்பேர நான்தான் வெளியில எடுத்திருக்கேன். உன்னப் பத்திச் சொல்ல எனக்கு யோக்யதை இல்ல. லெக்சிங்டன்ல யாரோ ரெண்டு பேருக்கு இருக்கு."

"சித்தி, அது ஒரு விதி."

"விதிய நான் குத்தம் சொல்லல. நீ அங்க போய்க் கேட்ட பாரு, அதச் சொல்றேன். அவங்க இல்லன்னு சொன்னதும் இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாம்ல, இவ எப்படிப்பட்ட உறவுன்னு. எழுதல. ஆளையே மாத்திட்ட."

"எழுதி அவங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள செப்டம்பர் போயிடும்."

"சரி. மாத்திக்கோ. பட்டாணி வேணுமா, எடுத்துட்டுப் போ."

லெனோரா பட்டாணி எடுத்துக்கொண்டு வந்தாள். சனிக்கிழமைகளில் அங்கே போவது அதோடு நின்றது. ஜூவல் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

சான்றை மட்டும் மாற்றினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அது தவறு. நிறுவனங்கள் பழைய கட்டை மூடிவிட்டு முதலிலிருந்து தொடங்கின. தொழிலில் தவறு நேர்ந்தால் ஈடுகட்டும் காப்பீட்டுச் சான்று ஜூலையோடு காலாவதி ஆனது, புதியதை அனுப்பினோம். லெக்சிங்டன் ஆஸ்பத்திரியிடமிருந்து வாங்கிய வேலைச் சான்று பழையதாகிவிட்டது, மறுபடி கேட்டோம். ஒவ்வொரு நிறுவனத்தின் குழுவும் மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். ஒரு தாள் ஒரு நாள் தாமதித்தால் ஒரு மாதம் போகும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. ட்ரேசி தொலைபேசியில் பேசிய ஆட்கள் எல்லோருமே மரியாதையாகப் பேசினார்கள்.

செப்டம்பர் 24, வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடியது. அன்றுவரை வந்த ஒப்புதல்கள் இரண்டு, ஆரஞ்சும் வெள்ளையும். இரண்டு நிறமும் சேர்ந்து அட்டைக்காரர்களில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. லெனோராவையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தோம்.

"செத்தவன் செத்துட்டான்னு காட்ட எனக்கு ஒரே ஒரு தாள் போதும்," என்றார் ஹோபர்ட். "பொறக்க வைக்கிறவளுக்கு அஞ்சு கட்டா? நான் இந்தத் தொழில்ல இருக்கறதே மேல். ஆனா லெனோரா, பெட்டியில காசு இல்ல. அதுதான் நெலம."

டாக்டர் வென்டல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நல்ல மனிதர், முப்பத்தெட்டு ஆண்டாக இந்த ஊருக்கு உழைத்தவர். "இதுக்கு வழி இருக்கு," என்றார். "அஞ்சு நிறுவனத்துலயும் என் பேரு இருக்கு. லெனோரா பார்க்கட்டும். தாள்ல நான் கையெழுத்துப் போடறேன். ஒப்புதல் வர்ற வரைக்கும்தான். பல ஊர்ல இப்படித்தான் நடக்குது."

மேசையில் இருந்த எல்லோருக்கும் முகம் தெளிந்தது. எனக்கும்தான். எங்கள் ஊரில் ஒருவர் மாட்டை இன்னொருவர் கறப்பார், ஒருவர் லாரியை இன்னொருவர் ஓட்டுவார், யாரும் எழுதி வைப்பதில்லை. இதையும் அப்படி ஒரு கைம்மாற்றாகத்தான் பார்த்தோம்.

"நீங்க அறைக்குள்ள இருப்பீங்களா டாக்டர்?" என்று லெனோரா கேட்டாள்.

"ராத்திரியில வர முடியாதுன்னுதானேம்மா உன்ன வரச்சொன்னோம்."

"அப்ப வேண்டாம்."

"ஏம்மா, உனக்குப் பேரு போகுதுன்னு பார்க்கிறியா?"

"அதுவும்தான். இந்த ஊர்ல ஒரு புள்ள வளர்ந்ததும் நான் யார் கையில பொறந்தேன்னு கேக்கும். அவங்க அம்மா ஒரு பேரச் சொல்லுவா, தாள் வேற பேரச் சொல்லும். ஏதாவது தப்பு நடந்தா, யாரு நின்னாங்கன்னு கேப்பாங்க. நீங்க நிக்கல, நான் நின்னதா எழுதல. அப்ப அந்தப் பொண்ணுகிட்ட நின்னது யாரு?" கூடவே சொன்னாள்: "அது சட்டத்துக்கும் புறம்பு டாக்டர். உங்க உரிமமும் போகும், என்னுதும் போகும்."

டாக்டர் வென்டலுக்கு முகம் சிவந்துவிட்டது. கூட்டத்தில் யாரும் அவரை அப்படி மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை.

பிறகு லெனோராவே ஒரு வழி சொன்னாள். செவிலி உரிமமும் அவளிடம் இருக்கிறது. செவிலிக்கு நிறுவனங்களின் ஒப்புதல் தேவையில்லை. கிளினிக்கில் ஒரு செவிலி இடம் காலியாக இருந்தது. செவிலி சம்பளத்தில், செவிலி வேலையைச் செய்துகொண்டு காத்திருக்கிறேன் என்றாள். கிடைத்துக்கொண்டிருந்ததில் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஹோபர்ட் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை என்று கெடு வைத்தார். அதற்குள் நீலம் வராவிட்டால் மருத்துவச்சிப் பதவியையே எடுத்துவிடுவது, ஆஸ்பத்திரி பிரசவப் பகுதியை மூடச் சொல்லிவிடுவது. தீர்மானம் ஒரு மனதாக நிறைவேறியது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் ஊசி போட்டாள், இரத்த அழுத்தம் பார்த்தாள், கிழவர்களின் கால் புண்ணைக் கழுவினாள். கர்ப்பிணிகளின் எடையைக் குறித்து டாக்டர் வென்டலின் அறைக்கு அனுப்பினாள். இரவில் பிரசவம் என்றால், முடியாது என்ற அவரே எழுந்து ஓடினார். சம்பளம் போதாமல் தன் காரை விற்றுத் தம்பியின் பழைய வண்டியை ஓட்டினாள். லெக்சிங்டன் ஆஸ்பத்திரி அவளுடைய பழைய இடத்தைத் திரும்பத் தருவதாகச் சொல்லியிருந்தது. கடைசியாக ஜூன் 15க்குள் பதில் வேண்டும் என்றது. இதை அவள் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. ட்ரேசிக்குத் தெரியும்.

2016 ஜனவரியில் மாநிலத் தலைநகரிலிருந்து மூன்று பேர் வந்து, உயர்நிலைப் பள்ளியின் உணவுக்கூடத்தில் உட்கார்ந்து, மருத்துவர்களைக் காப்பீட்டில் சேர்க்கிற முறையைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். தலைமை தாங்கியவர் திருமதி ஹோல்ட் என்ற நடுவயதுப் பெண்மணி. பனி பெய்துகொண்டிருந்தது. இருபது பேர்கூட இல்லை. ட்ரேசி லெனோராவின் ஐந்து கட்டுகளின் நகல்களையும் துவைக்கிற துணி போடும் கூடையில் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். வேறு எதிலும் அவை அடங்கவில்லை.

"எந்த நிறுவனத்து மேல உங்க புகார்?" என்று கேட்டார் திருமதி ஹோல்ட்.

"யார் மேலயும் இல்லம்மா," என்றாள் லெனோரா. "அவங்கவங்க வேலைய அவங்கவங்க சரியாத்தான் செய்யறாங்க. நான் ஒரு ஆள். என் படிப்பு ஒண்ணு, என் உரிமம் ஒண்ணு. அத அஞ்சு பேர் தனித்தனியா உண்மையான்னு பார்க்கிறாங்க. ஒருத்தர் பார்த்தத இன்னொருத்தர் நம்ப மாட்டேங்கறார். ஒருத்தர் ஒழுங்காப் பார்த்து மத்தவங்களுக்குச் சொன்னா போதாதா?"

"விசாரிக்காம சேர்த்துக்கணும்னு சொல்றீங்களா?"

"இல்லம்மா. நல்லா விசாரிக்கட்டும். எங்க ஊர்ப் பொண்ணுங்களத் தகுதி இல்லாத யாரோ பார்த்துடக் கூடாது. ஒரு தடவ நல்லா விசாரிக்கட்டும்."

"இதே பேச்ச இந்த மாசத்துல நிறைய ஊர்ல கேட்டாச்சு," என்றார் திருமதி ஹோல்ட். சலிப்பாகச் சொல்லவில்லை. குறித்துக்கொண்டார்.

லெனோரா பேசியதால்தான் முறை மாறியது என்று இன்றும் ஊரில் சொல்வார்கள். அது சரியல்ல. அதற்கு முன்பே தலைநகரில் வேலை நடந்துகொண்டிருந்தது. அவள் பேசியது பலர் பேசியதில் ஒன்று. ஏப்ரல் மாதத்தில் அறிவிப்பு வந்தது. இனி ஒரே விண்ணப்பம், ஒரே இடத்தில் விசாரணை. அங்கே சரி என்றால் ஐந்து நிறுவனங்களும் குறித்த நாளுக்குள் ஏற்க வேண்டும். எதையாவது கேட்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்க வேண்டும்.

ட்ரேசி முதல் வாரத்திலேயே அனுப்பினாள். மே மாதத்தில் ஒரு விளக்கம் கேட்டார்கள்: செவிலியாகப் பதவி இறங்கியது ஏன், ஏதாவது ஒழுங்கு நடவடிக்கையா? லெனோரா நான்கு வரியில் பதில் எழுதினாள். அதைத் தட்டச்சு செய்த ட்ரேசி மூன்று முறை படித்துப் பார்த்தாளாம். அந்த நான்கு வரியை நம்பாவிட்டால் எல்லாம் முடிந்தது.

ஜூன் 15, புதன்கிழமை வந்தது. ஒப்புதல் வரவில்லை. அன்று மதியம் லெனோரா லெக்சிங்டனுக்குப் பேசினாள்.

"என்ன அக்கா சொன்னீங்க?" என்று ட்ரேசி கேட்டாள்.

"நான் அங்க வரலன்னு சொல்லிட்டேன்."

"இன்னும் நீலம் வரலயே. முப்பதாம் தேதி வேலையே இல்லன்னா?"

"கால் புண்ணு கழுவறதுக்கு ஆள் எப்பவும் வேணும்."

"வீட்டுத் தவணையக் கால் புண்ணு கட்டுமா?"

"கட்டாது. சும்மா இரு ட்ரேசி."

ஒப்புதல் ஜூன் 22 அன்று வந்தது. ஐந்து நிறமும் ஒரே தாளில். ஹோபர்ட் ஈமக்கூடத்திலிருந்து கறுப்பு உடையோடு நேராகக் கிளினிக்குக்கு வந்து, அதைப் படித்துவிட்டு, இரண்டு பேர் துக்கம் விசாரிக்கக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லித் திரும்பிப் போனார். டாக்டர் வென்டல் அவளுடைய அறைக்கதவில் நின்று, "இன்னிக்கு ராத்திரி நான் தூங்கலாமா?" என்று மட்டும் கேட்டார். தூங்குங்கள் என்றாள்.

ஜூலை கடைசியில் பெருமழை பெய்தது. பக்கத்து மாவட்டத்துக்குப் போகிற கணவாய்ச் சாலையில் மலை சரிந்து வழி அடைத்துக்கொண்டது. ஜூவலின் பேரனும் அவன் மனைவி பிராண்டியும் எங்கள் பக்கம் குடியிருந்தார்கள். பிராண்டிக்கு நிறைமாதம். ஜூவலின் நிலையத்தில்தான் பெறுவதாக ஏற்பாடு. ஜூவல் அந்த வாரம் அவர்களோடு தங்கியிருந்தார். வியாழக்கிழமை காலை வலி எடுத்தது. சாலை இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்க ஜூவலுக்கு அனுமதி இல்லை. பிராண்டியிடம் இருந்தது நீல அட்டை.

பிராண்டியை எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள், லெனோரா வாசலுக்கு வந்தாள். ஒரு வருஷமாக இருவரும் கல்லறைப் பூ வைக்கிற நாளில் தலையசைத்துக்கொண்டதோடு சரி.

"எத்தன நிமிஷத்துக்கு ஒரு தடவ சித்தி?"

"அஞ்சு. தண்ணிக்குடம் ஒடையல. தலை கீழதான் இருக்கு, நானே பார்த்துட்டேன். உன் வேலையில பாதி முடிஞ்சுது."

"உள்ள வாங்க."

"நான் எதுக்கு? நான் வெளியில உட்கார்றேன். உன் ஆஸ்பத்திரி."

"பிராண்டி உங்களத்தான் கேக்கறா."

"கேப்பா. ரெண்டு மணி நேரத்துல என்னைத் திட்டவும் செய்வா." ஜூவல் உள்ளே நடந்தார். "ஓரமா நிக்கிறேன். நான் எதையும் தொட மாட்டேன்."

அவர் சொன்னபடி நிற்கவில்லை. தொட்டார். லெனோரா அதைத் தடுக்கவில்லை. ஒருமுறை மட்டும், "சித்தி, கைய எடுங்க," என்றாள். ஜூவல் எடுத்தார். பெண் குழந்தை, மாலை நான்கு மணிக்குச் சற்று முன்பு பிறந்தது. கழுத்தில் கொடி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. லெனோரா அதை விரலால் எடுத்துவிட்டாள். குழந்தை உடனே அழவில்லை, பிறகு அழுதது.

ஆறு மணிக்கு இருவரும் ஆஸ்பத்திரிச் சிற்றுண்டி அறையில் உட்கார்ந்து பிஸ்கட் என்று நாங்கள் சொல்லும் மெத்தென்ற ரொட்டியும் மாவு கரைத்த இறைச்சிக் குழம்பும் சாப்பிட்டார்கள். நான் கிளினிக்கின் கணக்கு ஒன்றைக் கொடுக்க அங்கே போயிருந்தேன். அடுத்த மேசையில் இருந்தேன்.

"குழம்புல மாவு வாசம் போகல," என்றார் ஜூவல்.

"இங்க எப்பவும் அப்படித்தான்."

"இந்த ஒப்புதல் எத்தன வருஷத்துக்கு?"

"மூணு வருஷம். அப்புறம் மறுபடி கேப்பாங்க."

"மறுபடி சான்று கேப்பாங்களா?"

"கேப்பாங்க."

"லெக்சிங்டன்காரங்களத்தான் போடுவியா?"

"ஆமா சித்தி. அவங்களத்தான்."

ஜூவல் தட்டில் மீதியிருந்த பிஸ்கட்டைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டு முடித்தார். "சரி," என்றார். "சனிக்கிழம வழி தொறந்துடுவாங்களாம். எனக்கு அன்னிக்கு ரெண்டு நிறைமாசப் பொண்ணுங்க வர்றாங்க. கார்லாவுக்கு முதுகு வலி. நீ வருவியா, மாட்டியா?"

லெனோரா தன் பணிப்பட்டியலை எடுத்துப் பார்த்தாள். சனிக்கிழமை பகலில் அவளுக்கும், மருந்து கொடுத்து வலி வரவைக்கும் ஒரு பிரசவம் இருந்தது, ஊதா அட்டை.

"ஞாயித்துக்கிழம வரேன்," என்றாள்.